நான்கு சக்கரங்களின் பிடி

சிலிகுரிச் சமவெளியிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஏறும் இருப்புப்பாதை 1881-இல் முடிவடைந்தது. அதை முன்மொழிந்தவர் கிழக்கு வங்க இரயில்வேயின் முகவராயிருந்த பிராங்க்ளின் பிரெஸ்டேஜ். மலைச்சரிவில் மாட்டுவண்டிகளுக்கென அரசு முன்பே வெட்டியிருந்த சாலையின் ஓரத்திலேயே அவர் தண்டவாளத்தைப் பதித்தார். புதிய வழி வெட்டும் செலவு மிச்சமாயிற்று. ஆனால் சாலையின் வளைவுகளும் ஏற்றங்களும் இரயிலுக்கும் விதியாயின. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டே அடி, அதாவது 610 மில்லிமீட்டர். மிகக் குறுகிய வளைவொன்றின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர்தான். உச்சியிலுள்ள கும் நிலையமோ கடல் மட்டத்திலிருந்து 2,258 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

நீலகிரி மலை இரயில்பாதையில் 12 அடிக்கு ஓர் அடி உயரும் இடங்களில் பற்சட்டமும் பற்சக்கரமும் வண்டியைத் தாங்குகின்றன. டார்ஜிலிங்கில் அந்தத் துணை இல்லை. ஏறத்தாழ 20 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், வழவழப்பான இரும்பு வழவழப்பான இரும்பைப் பற்றும் உராய்வு ஒன்றே வண்டியை மேலே கொண்டுசெல்ல வேண்டும்.

இதற்கென 1889 முதல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் கட்டித்தந்தவை ‘பி’ வகை நீராவிப் பொறிகள். எடை ஏறத்தாழ 15 டன், சக்கரங்கள் நான்கு, சக்கரத்தின் விட்டம் 66 சென்டிமீட்டர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 1.7 மீட்டருக்கும் குறைவு. குறுகிய வளைவில் பொறி திரும்ப முடிவது இந்தச் சுருக்கத்தால்தான். நீருக்கும் நிலக்கரிக்கும் பின்னால் தனி வண்டி கிடையாது. கொதிகலனின் முதுகில் சேணம்போல் கவிழ்ந்த தொட்டியிலும், அடியில் சட்டங்களுக்கிடையே அமைந்த தொட்டியிலும் நீர் நிற்கும். நிலக்கரி, ஓட்டுநர் அறைக்கு முன்னே கொதிகலன்மேல் குவிந்திருக்கும். இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்று மட்டும் இதைக் கருதுவது போதாது. தனி வண்டியில் நீர் இருந்தால் அது இழுக்கவேண்டிய சுமை. இயங்கு சக்கரங்களின்மேல் இருந்தால் அதுவே பிடியைக் கூட்டும் எடை. இந்தப் பொறியில் ஒவ்வொரு கிலோவும் தண்டவாளத்தை அழுத்தி உழைக்கிறது.

உருளைகளின் அளவையும் நீராவியின் அழுத்தத்தையும் கொண்டு கணக்கிட்டால் இதன் இழுவிசை ஏறத்தாழ 3,500 கிலோ எடைக்கு ஈடாகும். பொறியின் எடையில் அது கிட்டத்தட்ட கால்பங்கு. உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வு தாங்கக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அதுவே. மூடுபனியும் மழையும் ஓயாத அம்மலையில் தண்டவாளம் நனைந்த கணமே பிடி அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும்; சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவேதான் பொறியின் முகப்பில், தண்டவாளத்துக்கு மேலே, இருவர் அமர்ந்து கையால் மணலைத் தூவினர். மற்றொருவர் நிலக்கரிக் குவியல்மேல் அமர்ந்து கட்டிகளை உடைத்துக் கொடுத்தார். இவர்களை உதவியாளர் என்று ஒதுக்குவது தவறென்பது என் உறுதியான கருத்து. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வைக் கணந்தோறும் திருத்தியவர்கள் அவர்களே. அவர்கள் கை ஓய்ந்தால் பொறியும் ஓயும்.

இன்னொரு நுட்பம் கொதிகலனுக்குள் நிகழ்கிறது. நெருப்பறையின் மேற்றகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். வெளிப்பட்டால் அது மிகச் சூடேறி வலுவிழக்கும். பொறி முன்னோக்கி ஏறும்போது நீர் பின்புறம் சாய்ந்து நெருப்பறையை நன்கு மூடும். ஓட்டுநரின் கண்முன் உள்ள நீர்மட்டக் கண்ணாடி உண்மை இருப்பைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆனால் இப்பாதையில் செங்குத்தான இடங்களில் ‘Z’ வடிவத் திருப்பங்கள் உண்டு. அங்கே வண்டி முன்னேறி நின்று, பின்னோக்கி ஏறி, மீண்டும் முன்னோக்கிச் செல்லும். பின்னோக்கி ஏறும்போது புகைபோக்கியின் பக்கம் தாழ்வாகிறது; நீர் முன்னே சரிகிறது; 20-க்கு 1 என்ற சாய்வில் இரண்டு மீட்டர் நீளத்துக்கே 10 சென்டிமீட்டர் வேறுபாடு! கும் நிலையத்தைக் கடந்து டார்ஜிலிங்கை நோக்கி இறங்கும்போதும் இதே நிலைதான். கண்ணாடி காட்டும் மட்டத்தைச் சரிவோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரே அங்கு ஓட்டுநராக முடியும்.

தொட்டி வடிவத்துக்கு விலையும் உண்டு. பயன்பட்ட நீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும்போது பொறியின் எடை குறைகிறது. எடையோடு பிடியும் குறைகிறது. தொட்டிகளும் சிறியவை. எனவே மலைவழியில் ஆங்காங்கே நின்று நீர் நிரப்பியே மேலேற வேண்டும்.

1911-இல் இரட்டைச் சக்கரத் தொகுதி கொண்ட கேரட் வகைப் பொறி ஒன்று இங்கு வந்தது. அதே வகையில் இரண்டாவது பொறி வாங்கப்படவில்லை. ‘பி’ வகையோ 1920-களின் நடுப்பகுதி வரை கட்டப்பட்டுக்கொண்டே இருந்தது; மொத்தம் 34 பொறிகள். அவற்றுள் சில மலைவழியிலேயே இருக்கும் திந்தாரியா பணிமனையில் உருவானவை.