ஆநிரை காத்தவனின் கல்

திருப்பூரிலிருந்து காங்கேயம் பக்கம் போகும்போது, பனியன் கம்பெனிகளைத் தாண்டினால் கிளுவை வேலிகள் கண்ணில் படும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டு காங்கேயம் மாடுகள். இந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். பழைய போர்வீரனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே முறை.

தமிழில் ‘மாடு’ என்றால் செல்வம் என்றும் பொருள். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, பறிகொடுத்ததை மீட்பது கரந்தை. புறப்பொருள் இலக்கணம் போரை இங்கிருந்துதான் சொல்லத் தொடங்குகிறது. தொலைவில் ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். 1327இல் இங்கிலாந்துக்குள் புகுந்த ஸ்காட்லாந்துப் படையினர், சேணத்தில் ஓட்ஸ் மாவுப் பையும் இரும்புத் தட்டும் மட்டும் வைத்திருந்தார்கள். கறிக்கு வழியில் பிடித்த மாடுகளே போதும் என்றிருந்தார்கள். அந்தப் போரை நேரில் கண்ட ழான் லெ பெல் இதை எழுதிவைத்தார்.

நம் வீரனுக்கு வரலாறு எழுதியது உளி. அவன் விழுந்தால் ஊர் அவனுக்குக் கல் நட்டது. தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் சொல்கிறது: ஏற்ற கல்லைக் காண்பது காட்சி, கொண்டுவருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையலிடும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து.

நடுகல்லைப் படிப்பது கடினமல்ல. கையில் வில்லா, வாளா என்று பாருங்கள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடு நிற்கிறதா என்று பாருங்கள். எழுத்து இருந்தால் ‘பட்டான்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இறந்தான் என்று பொருள். பாயும் புலியை வீரன் குத்துவதாக இருந்தால் அது புலிகுத்திக்கல். கொங்கு நாட்டில் இவை நிறைய உண்டு. பட்டி மாட்டுக்குப் பகை, மனிதன் மட்டுமல்லவே.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்த அவன் நாய் கோவிவனின் பெயரும் அதில் இருக்கிறது. நாயின் பெயரையும் மறக்காத ஊர் அது.

கொறங்காடுகள் வீட்டுமனைகளாகிவரும் காலம் இது. வேலியோரம் உருவம் செதுக்கிய கல் கிடந்தால், பொக்லைன் வரும்முன் ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அந்த ஊர் மாட்டுக்காக உயிர்விட்டவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே அடையாளம் அதுவாக இருக்கலாம்.