உங்களுக்குத் தெரியுமா? தாளம் தவறும் இதயத்தைச் சிடியில் பிடிப்பது எப்படி
மும்பைத் தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் ஈரிதழ் வால்வைச் சுருக்கி, இடது மேலறையை விரியச் செய்து, ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ எனப்படும் முறையற்ற துடிப்பில் கொண்டுவிடுவதுண்டு. வால்வு அறுவைக்கு முன் இவர்களுடைய கரோனரி தமனிகளைச் சிடி ஸ்கேனில் பார்ப்பது எளிதன்று.

இசிஜியின் உயர்ந்த முனையான ஆர் அலையைக் கொண்டு, இதயம் தளர்ந்து ஏறக்குறைய அசைவற்றிருக்கும் கணத்தைச் சிடி கருவி முன்கூட்டியே கணிக்கிறது. துடிப்புகளின் இடைவெளி ஒருமுறை 600, மறுமுறை 1,000 மில்லிவினாடி என மாறினால் கணிப்பு பொய்த்து, வெவ்வேறு துடிப்புகளில் எடுத்த துண்டுகள் படிக்கட்டுபோல் விலகி ஒட்டுவதால், இல்லாத அடைப்பும் இருப்பதாகத் தோன்றும்.

2005இல் வந்த இரட்டை எக்ஸ்ரே குழாய்க் கருவி, கால் சுற்றிலேயே தரவைத் திரட்டி, ஒரு படத்துக்கான நேரத்தை 83 மில்லிவினாடியாக்கியது. பின்னர் வந்த 16 செ.மீ. அகல உணரி, முழு இதயத்தையும் ஒரே துடிப்பில் பிடித்தது. ஆயினும் செலவில்லாத உத்தி ஒன்று உண்டு: இதயம் சுருங்கி முடியும் கணம், ஆர் அலைக்குப் பின் பெரிதும் மாறாத நேரத்தில் வருவதால், அதைத் துடிப்பு இடைவெளியின் சதவீதத்தில் அல்லாமல் மில்லிவினாடியில் குறித்துப் படமெடுப்பது.

இத்தகைய சிடி படங்களுக்கு அடிப்படையான, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணிதத்தில், இந்திய அறிவியலாளர்களான ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட முறை, ‘ராம்-லக் வடிகட்டி’ என்ற பெயரில் சிடி நூல்களில் இடம்பெறுகிறது.