ஆர்வலர் இதழ் ஆய்வுச் சான்றாகும் முறை: 'பாம் பியூகிள்' இதழை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கச் சிறுவர் இலக்கியப் படைப்பாளர் எல். ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் கதைகளின் வாசகர்கள் 1957ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்து, 'தி பாம் பியூகிள்' என்னும் இதழைத் தொடங்கினர். பல்கலைக்கழகம் சாராத ஆர்வலர்கள் நடத்திய இவ்விதழ், நூற்பதிப்பு வரலாறு, ஆசிரியர் துணிபு, வாழ்க்கை வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வுக்கு அடிப்படையான தரவுகளைத் திரட்டியது. அத்தரவுகள் திரண்ட முறையையும், கல்வியுலகக் கருத்தொன்றை மறுபரிசீலனை செய்வதில் இதழ் பெற்ற பங்கையும், ஆர்வலர் இதழுக்குரிய வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இத்தகைய இதழ்களை ஆய்வாளர் சான்றாகக் கொள்ளும்போது பின்பற்றத்தக்க பகுப்பு ஒன்றும் இறுதியில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், ஆர்வலர் சங்கம், நூலடைவு, பதிப்பு வரலாறு, ஓஸ் கதைகள், சான்று மதிப்பீடு.

முன்னுரை

ஓர் எழுத்தாளரின் படைப்புகளில் ஈடுபாடு கொண்டோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதும், அதன் சார்பில் இதழ் வெளியிடுவதும் மேலைநாடுகளில் நிலைபெற்ற வழக்கங்கள். லூயிஸ் கரோல், பீட்ரிக்ஸ் பாட்டர், ஆர்தர் ரான்சம், எனிட் பிளைட்டன் ஆகிய சிறுவர் இலக்கியப் படைப்பாளர்களின் பெயரால் இங்கிலாந்தில் சங்கங்கள் உள்ளன. இவற்றின் இதழ்களில் கட்டுரைகளோடு வாசகர் கடிதங்கள், நினைவுக் குறிப்புகள், பழம்பதிப்புகள் பற்றிய விவரங்கள் ஆகியனவும் இடம்பெறுகின்றன. இவ்விதழ்களை 'இரசிகர் ஏடுகள்' என ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அவற்றில் அச்சேறியதை எல்லாம் அப்படியே மேற்கோளாக்கும் போக்கும் உண்டு. இவ்விரு போக்குகளுமே பிழைபட்டவை என்பதற்குப் 'பாம் பியூகிள்' இதழின் வரலாறு தக்க சான்றாகும்.

சங்கமும் இதழும் தோன்றிய சூழல்

பாம் (1856-1919) நியூயார்க் மாநிலத்தின் சிட்டனாங்கோ என்னும் ஊரில் பிறந்தவர். டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோவின் ஓவியங்களுடன் 1900ஆம் ஆண்டில் சிகாகோவில் வெளிவந்த 'ஓஸ் நாட்டின் வியத்தகு மந்திரவாதி' அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதனைத் தொடர்ந்து அவர் எழுதியவற்றையும் சேர்த்து ஓஸ் புதினங்கள் பதினான்கு. அவர் மறைந்தபின் ரூத் பிளம்லி தாம்சன் 1921 முதல் 1939 வரை மேலும் பத்தொன்பது நூல்களை எழுதினார்.

வாசகரிடையே இத்துணைச் செல்வாக்குப் பெற்ற இந்நூல்களுக்குக் கல்வி நிறுவனங்களிலும் நூலகங்களிலும் அதற்கேற்ற மதிப்புக் கிட்டவில்லை. டெட்ராய்ட் பொது நூலகத்தின் இயக்குநர் ரால்ஃப் யுல்வலிங், ஓஸ் நூல்கள் குழந்தைகளுக்குப் பயன்தராதவை என்னும் கருத்தை 1957இல் வெளியிட்டார். ஃபுளோரிடா மாநில நூலகத்துறை 1959இல் விடுத்த சுற்றறிக்கை, நூலகங்கள் வாங்கத் தகாத தொடர்நூல்களின் பட்டியலில் ஓஸ் நூல்களையும் சேர்த்திருந்தது. நூலகம் சேர்த்து வைக்காத நூலுக்குப் பதிப்பு வரலாறு எழுதுவது அரிது. அப்பணி தனியார் சேகரிப்பாளர் கைக்குச் சென்றமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

இப்போக்குக்கு விலக்காக அமைந்த முயற்சிகளும் இருந்தன. பாமின் நூற்றாண்டையொட்டிக் கொலம்பியா பல்கலைக்கழக நூலகம் 1956இல் ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்குத் தம் சேகரிப்பிலிருந்து நூல்களை இரவலாக அளித்தவர்களுள் ஜஸ்டின் ஷில்லர் என்னும் சிறுவரும் ஒருவர். அவரே மறு ஆண்டு, தம் பதின்மூன்றாம் வயதில், பதினாறு உறுப்பினர்களுடன் 'பன்னாட்டு ஓஸ் மந்திரவாதி சங்க'த்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் சிறுவர் இலக்கிய அரும்நூல் வணிகராகப் பெயர்பெற்றார். சங்கத்தின் இதழுக்குப் 'பாம் பியூகிள்' எனப் பெயரிடப்பட்டது. 'பியூகிள்' என்பது படையினர் ஊதும் ஊதுகொம்பு. ஆண்டுக்கு மூன்று இதழ்கள் வெளிவருவது அதன் மரபாயிற்று.

நூலடைவுப் பணி

இதழின் தலையாய பங்களிப்பு நூலடைவுத் துறையைச் சார்ந்தது. ஓஸ் நூல்களின் பதிப்பு வரலாறு சிக்கல் மிகுந்தது. முதல் நூலை வெளியிட்ட ஜார்ஜ் எம். ஹில் நிறுவனம் 1902இல் நொடித்துப்போனது. அந்நூலின் உரிமை பின்னர் பாப்ஸ்-மெரில் நிறுவனத்திடம் சென்றது. 1904 முதல் பிற ஓஸ் நூல்களை வெளியிட்ட ரெய்லி அண்ட் பிரிட்டன் நிறுவனம் 1919இல் ரெய்லி அண்ட் லீ எனப் பெயர் மாறியது. மறு அச்சுகளில் முதல் பதிப்பின் காப்புரிமை ஆண்டே தொடர்ந்து இடம்பெற்றமையால், 1910இல் அச்சான படியையும் 1930இல் அச்சான படியையும் ஆண்டைக் கொண்டு வேறுபடுத்த இயலாது.

இச்சிக்கலுக்கு ஆர்வலர்கள் கண்ட தீர்வு, படிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல். ஒருவரிடமே எல்லாப் படிகளும் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் படியில் காணப்படும் பதிப்பகப் பெயர், நூலின் முதுகுப்பகுதியில் உள்ள அச்செழுத்து, வண்ணப்படங்களின் எண்ணிக்கை, பிற நூல்களுக்கான விளம்பரப் பட்டியல் ஆகியவற்றைக் குறித்தனுப்பினர். விளம்பரப் பட்டியலில் இறுதியாகக் குறிக்கப்பட்ட நூல் எந்த ஆண்டில் வெளிவந்ததோ, அந்த ஆண்டுக்கு முன் அப்படி அச்சாகியிருக்க முடியாது. வண்ணப்படங்கள் 1930களின் நடுவில் கைவிடப்பட்டமையால், அவை இருப்பதும் இல்லாமையும் காலத்தை உணர்த்தும். 1900ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே, நூலின் இறுதியில் உள்ள அச்சுக்குறிப்பு சில படிகளில் பதினொரு வரிகளாகவும் வேறு சில படிகளில் பதின்மூன்று வரிகளாகவும் உள்ளது. பதினொரு வரி கொண்டதே முந்தைய நிலை எனக் கருதப்படுகிறது.

இதழில் தொடர்ந்து வெளிவந்த இக்குறிப்புகளின் திருந்திய வடிவமே சங்கம் 1976இல் வெளியிட்ட 'பிப்ளியோகிராஃபியா ஓஸியானா' என்னும் நூலடைவு. அதன் திருத்தப் பதிப்பு 1988இல் வெளிவந்தது. ஓஸ் நூல்களின் பதிப்புகளை அடையாளம் காண இன்றும் ஆய்வாளரும் நூல்வணிகரும் நாடும் அடிப்படைக் கருவிநூல் இது.

ஆசிரியர் துணிபிலும் இத்தகைய பணி பயன்பட்டது. பாம் தம் பெயரில் மட்டும் எழுதியவர் அல்லர். ஈடித் வான் டைன், லாரா பான்கிராஃப்ட், ஃபிளாய்ட் ஏக்கர்ஸ், ஷைலர் ஸ்டான்டன், சூசன் மெட்கால்ஃப் முதலான புனைபெயர்களில் சிறுமியர், சிறுவர், பெரியோர் ஆகியோருக்கெனத் தனித்தனியே எழுதியுள்ளார். மறுபுறம், 1921இல் பாமின் பெயரைத் தாங்கி வெளிவந்த 'ஓஸ் நாட்டின் அரச நூல்' முழுவதும் தாம்சனின் படைப்பாகும். ஆகவே நூலின் முகப்பில் உள்ள பெயரை மட்டும் நம்பிப் பாமின் நடையை ஆராய்வோர் ஏமாற்றம் அடைவர்.

கல்வியுலகக் கருத்தும் இதழின் மறுபரிசீலனையும்

ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்னும் வரலாற்று ஆசிரியர் 1964இல் 'அமெரிக்கன் குவார்ட்டர்லி' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாமின் முதல் ஓஸ் நூலை 1890களின் மக்கள் கட்சி இயக்கத்தைக் குறிக்கும் உருவகக் கதையாக அக்கட்டுரை விளக்கியது. மஞ்சள் செங்கற்சாலை பொன் நாணய முறையையும், டோரதியின் வெள்ளிக் காலணிகள் வெள்ளி நாணயக் கோரிக்கையையும், வைக்கோல் மனிதன் உழவரையும், தகர மனிதன் ஆலைத்தொழிலாளரையும், கோழைச் சிங்கம் அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையும் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. வகுப்பறையில் வரலாறு கற்பிப்பதற்குத் துணையாக உருவான இவ்விளக்கம், காலப்போக்கில் பாமின் உள்நோக்கமே அதுதான் என்னும் அளவுக்கு வலுப்பெற்றது. 1990இல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி' இதழில் ஹியூ ராக்காஃப், அக்கதையைப் பணவியல் உருவகமாக விரித்துரைத்தார்.

இக்கருத்தை மறுத்தற்குரிய சான்று பாமின் பழைய இதழ் எழுத்துகளில் இருந்தது. 1896ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரையனை எதிர்த்து நின்றவர் வில்லியம் மெக்கின்லி. அவரை ஆதரித்து அவ்வாண்டில் ஒரு சிகாகோ நாளிதழில் பாம் கவிதை எழுதியிருந்ததை, ஓஸ் ஆய்வில் ஊன்றியவரான மைக்கேல் பாட்ரிக் ஹெர்ன் எடுத்துக்காட்டினார். 1992இல் லிட்டில்ஃபீல்டும், தம் விளக்கம் பாமின் உள்நோக்கத்தைக் காட்டுவதற்கு அடிப்படை இல்லை என ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் 'பாம் பியூகிள்' இதழில் மைக்கேல் கெசல், அவ்விளக்கம் தோன்றிப் பரவிய வரலாற்றை ஆராய்ந்து எழுதினார்.

நூலை அவ்வாறு உருவகமாகப் படிக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. வாசகர் காணும் பொருளும் ஆசிரியர் கருதிய பொருளும் வெவ்வேறு. முன்னதற்கு நூலே போதும். பின்னதற்கு ஆசிரியரின் வாழ்விலிருந்தும் பிற எழுத்துகளிலிருந்தும் சான்று வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாகக் கல்வியுலகில் உலவிய ஒரு கருத்தில் இவ்வேறுபாடு மங்கியிருந்தது. ஆசிரியரின் சிதறிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் திரட்டும் உழைப்பே அதனை மீண்டும் தெளிவாக்கியது.

ஆர்வலர் இதழின் வரம்புகள்

ஆர்வலர் இதழுக்கும் இயல்பான குறைகள் உண்டு. ஆசிரியர் மீதுள்ள அன்பு, அவருக்கு இழுக்குத் தரும் சான்றுகளை மென்மையாக்கத் தூண்டக்கூடும். பாம் தெற்கு டகோட்டாவின் அபர்டீன் நகரில் 'சாட்டர்டே பயனீர்' என்னும் வார இதழை நடத்தியபோது, 1890 டிசம்பர் 20, 1891 ஜனவரி 3 ஆகிய நாள்களில் எழுதிய தலையங்கங்கள் இதற்குக் கடுமையான சோதனையாகும். முதலாவது சிட்டிங் புல் கொல்லப்பட்டதை அடுத்தும், இரண்டாவது ஊண்டட் நீ படுகொலையை அடுத்தும் வெளிவந்தன. இரண்டுமே எஞ்சியிருந்த தொல்குடி மக்களை அடியோடு அழிக்க வேண்டும் எனக் கூறின. பாமின் வழித்தோன்றல்கள் 2006இல் இதற்காகச் சூ இனத்தாரிடம் மன்னிப்புக் கோரினர். குழந்தைகளுக்கு அன்பைப் போதித்த ஆசிரியர் என்னும் படிமத்துடன் பொருந்தாத இத்தலையங்கங்களையும், அவர் வாழ்க்கை வரலாற்றில் பிற சான்றுகளுக்கு இணையாக வைத்தே மதிப்பிடுதல் வேண்டும்.

கதையுலகை உண்மையுலகாகக் கொண்டு எழுதுதல் மற்றோர் இயல்பு. கதைகளில் மன்ச்கின் நாடு கிழக்கில் உள்ளது. 1914ஆம் ஆண்டு நூலில் அச்சான நிலப்படத்திலோ, வாசகர் மேற்கை எதிர்பார்க்கும் இடப்புறத்தில் உள்ளது. இம்முரணுக்கு ஓஸ் நாட்டுக்குள்ளேயே காரணம் தேடுவது வாசக விளையாட்டு. அச்சுக்கு முந்தைய வரைவில் பிழை நேர்ந்ததா என ஆராய்வது பதிப்பாய்வு. ஆர்வலர் இதழ்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறக்கூடும்.

சான்றாகக் கொள்ளும் முறை

மேற்கண்டவற்றால், ஆர்வலர் இதழில் உள்ள செய்திகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, நேரில் கண்ட பொருள் பற்றிய குறிப்பு. நூற்படியின் அளவு, அட்டை, விளம்பரப் பக்கம் முதலியன இதில் அடங்கும். வேறொரு படியைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். சரிபார்த்தபின் தயங்காது ஏற்கலாம். இரண்டாவது, நினைவுக் குறிப்பு. எழுத்தாளரின் உறவினர், ஓவியர், பதிப்பகத்தார், பழைய வாசகர் ஆகியோர் கூறுவன இவ்வகையின. கூறியவர் யார், எத்தனை ஆண்டுகளுக்குப்பின் கூறினார் என்பவற்றை நோக்கியே இவற்றைக் கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, பாராட்டும் விளக்கமும். இவை நூலைப் பற்றிய சான்று ஆகாவிடினும், நூல் வாசகரால் எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதற்கு நேர்ச்சான்று ஆகும்.

முடிவுரை

நூலகங்கள் ஒதுக்கிய நூல்களின் வரலாற்றை வாசகர்களே தம் கையிலிருந்த படிகளைக் கொண்டு எழுதினர் என்பதைப் 'பாம் பியூகிள்' இதழ் காட்டுகிறது. அவர்தம் பணியின் வலிமை, பலர் தம் படிகளைப் பற்றிய விவரங்களைப் பகிர்ந்து ஒப்பிட்டதில் உள்ளது. அதன் மெலிவு, ஈடுபாடு மதிப்பீட்டை முந்திக்கொள்ளும் இடங்களில் உள்ளது. மேற்கூறிய மூவகைப் பகுப்பு, பழைய சிறுவர் இதழ்களையும் நூல்களையும் தனியார் சேகரிப்புகளில் தேடவேண்டிய நிலையிலுள்ள ஆய்வாளர் எவருக்கும் பொருந்துவதே. சேகரிப்பாளரிடம் படியைப் பார்வையிடும் ஆய்வாளர், அதன் இறுதிப் பக்க விளம்பரத்தையும் படியெடுத்துக்கொள்வது நன்று. காலத்தை உறுதிப்படுத்தும் சான்று அங்கிருக்கக்கூடும்.