உங்களுக்குத் தெரியுமா? நிலக்கிளியின் ஊர்

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள முல்லைத்தீவு மாவட்டத்தில், அடர்ந்த கானகத்துக்கும் பழம்பெருங் குளமொன்றுக்கும் நடுவே கிடக்கும் தண்ணிமுறிப்பு என்னும் விவசாயக் கிராமத்தை, அதன் வயலோடும் காட்டோடும் கள்ளமறியாத ஜனங்களின் பேச்சோடும் தமிழ் இலக்கியத்தில் சாசுவதமாக்கிய நாவல், அ. பாலமனோகரன் எழுதி 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த ‘நிலக்கிளி’ என்பதும், அது இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது என்பதும் உங்களுக்குத் தெரியுமா?

உயரப் பறவாது, நிலத்துப் பொந்தையே வீடாகக் கொண்ட நிலக்கிளி என்னும் சிறு பறவையின் பெயர், பதஞ்சலி என்னும் கதாநாயகிக்கு மாத்திரமன்றி, மண்ணைப் பிரிய மனமில்லாத வன்னி மாந்தர் அனைவருக்குமே பொருந்துவதாகும். 1984 இல் தண்ணிமுறிப்பு மக்கள் இடம்பெயர நேர்ந்தது. ஆசிரியரும் பின்னாளில் டென்மார்க் சென்று வாழலானார். எனினும், அன்றைய தண்ணிமுறிப்பு தன் பெயரும் முகமும் குலையாது இன்றும் குடியிருப்பது அந்தப் புத்தகத்தின் பக்கங்களில்தான் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் உண்மையாகும்.