காணாமல் போகவேண்டிய புரதம்

1982ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள வூட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில், பிரிட்டிஷ் விஞ்ஞானி டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றின் புரதங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். மற்றவை கூடிக்கொண்டே போக, ஒரு புரதம் மட்டும் வினோதமாக நடந்துகொண்டது. உயிரணு பிரியும் நேரத்தில் மறைந்தது. பிறகு சேர்ந்தது. அடுத்த பிரிவில் மறுபடியும் மறைந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் சைக்ளின். 2001இல் பால் நர்ஸ், லீலண்ட் ஹார்ட்வெல் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்ட்வெல் ஆராய்ந்தது, நாம் அப்ப மாவில் கலக்கிறோமே, அந்த ஈஸ்ட்டைத்தான்!

முள்ளெலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கடந்து போயிருப்பேன், என் அத்தைக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் என்று தெரியாமல் இருந்திருந்தால்.

நம் உயிரணுவுக்குள் ஆர்பி என்றொரு புரதம், கண்டபடி பிரியவிடாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சைக்ளின் டி1, சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளோடு சேர்ந்து அந்தப் பிரேக்கைத் தளர்த்தும். உடனே உயிரணு தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கும். வேலை முடிந்ததும் சைக்ளின் ஒழிய வேண்டும். ஒழியாமல் மிதமிஞ்சிச் சேர்ந்தால் பிரேக் பிடிப்பதே இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் சைக்ளின் டி1 அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் அதன் உற்பத்தியைத் தூண்டிவிடும்.

அத்தைக்குத் தரப்பட்ட பால்போசைக்ளிப், அந்த இரு நொதிகளையும் முடக்கும் மாத்திரை. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். எல்லா வகை மார்பகப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது.

"21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தணுமாம். அந்த ஏழு நாள்ல கட்டி வளர்ந்திடாதாடா?" என்று அத்தை கேட்டார். நியாயமான பயம்தான். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்களை உருவாக்கும் உயிரணுக்களும் இதே நொதிகளை நம்பித்தான் பிரிகின்றன. மாத்திரை அவற்றையும் நிறுத்திவைக்கிறது. ஆனால் கீமோ மருந்துபோலப் பெருமளவில் கொல்வதில்லை. அதனால் ஒரு வாரம் விட்டால் மீண்டுவிடும். ஹார்மோன் மாத்திரைக்கு அந்த வாரமும் ஓய்வில்லை, தினமும் உண்டு. இதைச் சொன்னபிறகுதான் அத்தை முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல் கண்டால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கிரேப்ஃபுருட் பழமும் ஆகாது. மருந்தைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஈப்போ உறவினர்கள் ஆசையாகத் தூக்கிவரும் பம்ளிமாஸ் பழமும் அதற்கு நெருங்கிய சொந்தம்தான். அத்தை வீட்டில் இப்போது அதைக் கொண்டுவந்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்புகிறோம்.