பேசியவர் பெயரை எழுதினால் வகுப்பு அமைதியாகுமா?

ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போடுவான். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வந்ததும் அந்தப் பட்டியலே தண்டனைப் பட்டியலாகிவிடும். யார் பேசினார்கள் என்பது அதில் இருக்கும். எப்போது பேசினார்கள், ஏன் பேசினார்கள் என்பது இருக்காது. நம் பள்ளிகளில் ஒழுங்கு பற்றிய விசாரணை பெரும்பாலும் இந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. அதை மேலும் ஓரடி கொண்டுபோகும் முறைக்குத்தான் செயல் ஆராய்ச்சி என்று பெயர்.

பிரம்படிக்கு இடம் தந்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. இந்தத் தடை சரியானது. இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் ‘அடிக்காதே’ என்ற சட்டத்தால் ‘வேறு என்ன செய்வது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் வகுப்பறைக்குள்தான் கிடைக்கும்.

செயல் ஆராய்ச்சி என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவின். சிறுபான்மையினர் சிக்கல்கள் குறித்து 1946இல் அவர் எழுதிய கட்டுரையில் திட்டமிடு, செய், விளைவைப் பார், திரும்பத் திட்டமிடு என்ற சுழற்சி வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி 1953இல் எழுதிய நூல் அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்று வாதாடினார்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஓர் எட்டாம் வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான முதல் பாடவேளை. சத்தம் தாங்கவில்லை. ஆசிரியை உடனே எதையும் மாற்றுவதில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்றே விஷயங்களைக் குறிக்கிறார்: சத்தம் எழுந்த நேரம், அப்போது தான் என்ன செய்துகொண்டிருந்தார், பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் நீளமாக எழுதும்போதெல்லாம் வகுப்பு கலைகிறது. சீக்கிரம் எழுதி முடித்தவர்களுக்கு வேலையில்லை; பின்வரிசைக்கு எழுத்து தெரியவில்லை, பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள். சேட்டை என்று அவர் நினைத்ததில் பாதி, பாடம் நடத்தும் முறையிலிருந்து பிறந்தது. அடுத்த இரண்டு வாரம் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்: எழுதும் பகுதியைக் குறைத்து, முடித்தவர்களுக்கு இருவர் சேர்ந்து செய்யும் ஒரு கணக்கைத் தருகிறார். அதே நோட்டில் அதே மூன்று விஷயங்களைத் தொடர்ந்து குறிக்கிறார். குறைந்ததா, இல்லையா? இல்லையென்றால் வேறொன்றை முயல்வார்.

தாமதமாக வருபவர்களையும் இப்படியே அணுகலாம். கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் முதல் பாடவேளை போய்விடும். பாடம் போனவன் மறுநாள் இன்னும் தயங்கித்தான் வருவான். யார் எந்த ஊரிலிருந்து, எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வைத்தால், ஐந்தாறு பேரின் தாமதத்துக்கு ஒரே டவுன் பஸ் காரணம் என்று தெரியவரலாம். அப்போது பேச வேண்டிய இடம் பேருந்துப் பணிமனை. பேச வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தன் வகுப்பைத் தானே ஆராயும் ஆசிரியர் தனக்குச் சாதகமானதையே பார்த்துவிடக்கூடும். இங்கிலாந்தில் 1970களில் ஜான் எலியட்டும் கிளெம் அடெல்மனும் நடத்திய ஃபோர்டு கற்பித்தல் திட்டம் இதற்கு வழி தேடியது. ஒரே பாடவேளையைப் பற்றி ஆசிரியர், மாணவர், பார்வையாளர் மூவரிடமும் கேட்டு, அந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மாணவர் சொல்வது. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில், பின்விளைவு எதுவும் வராது என்ற நம்பிக்கையோடு எழுதச் சொன்னால்தான் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள். ஒருமுறை அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த சீட்டில் ‘மிஸ் நல்லா நடத்துறாங்க’ என்றுதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின், பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லுமாறு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. சாதி வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றை நோட்டில் குறித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அங்கே சட்டமும் 1098 குழந்தைகள் உதவி எண்ணும்தான் முதலில்.

இந்த முறை நம் ஆசிரியர்களுக்குப் புதிதும் அல்ல. பி.எட். பாடத்தில் இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் வழியே உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் பணிகளில் ஒன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, அட்டை போட்ட அறிக்கை என்று கோப்புக்குள் போய்விடும்போது வகுப்பறைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தலைமையாசிரியர் செய்யக்கூடிய உதவி எளிது: வாரத்தில் ஒரு பாடவேளை, ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்படி கால அட்டவணையை அமைப்பது, அந்தக் குறிப்பை ஆய்வு அலுவலருக்கு அனுப்பச் சொல்லாமல் அந்த இருவரிடமே விட்டுவிடுவது.