சுழல்வது ஒன்று, சுழற்றுவது பல

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. கூடங்குளத்தில் யுரேனிய அணுக்கள் பிளவுபடுகின்றன. பைக்காராவில் மலைத் தண்ணீர் குழாய் வழியே பாய்ந்து இறங்குகிறது. ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. நான்குக்கும் ஒட்டுறவே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால், நான்கு இடங்களிலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: கம்பிச்சுருள்களுக்கு நடுவே காந்தப்புலம் சுழல்கிறது.

கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அசைவு நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். அன்று முதல் பொறியாளர்கள் முன்னால் இருக்கும் கேள்வி, காந்தத்தை ஓயாமல் சுழற்ற எதைப் பயன்படுத்துவது என்பதே.

நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் புவியீர்ப்பைப் பயன்படுத்தியது. அங்கே தண்ணீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்குகிறது. அவ்வளவு உயரம் கிடைத்தால் குறைந்த தண்ணீரே போதும். குழாய்முனையிலிருந்து சீறி வரும் நீர், பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதி அதைச் சுழற்றுகிறது.

அனல்மின் நிலையமும் அணுமின் நிலையமும் நீராவியை நம்புபவை. நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. கூடங்குளத்தில் ஒவ்வோர் உலையும் 1,000 மெகாவாட் திறன் கொண்டது. உலையைச் சுற்றிவரும் நீர் கடும் அழுத்தத்தில் இருப்பதால் கொதிப்பதில்லை. அதன் வெப்பம் வேறொரு சுற்றில் ஓடும் நீரை ஆவியாக்க, அந்த ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம், ஆவியைக் குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே போகிறது.

காற்றுக்கு எரிபொருளும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது இதனால்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும் காற்றாலைகள் மற்ற மாதங்களில் கைவிரிப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இந்த வரிசையில் சேராதது சூரிய மின்தகடு. அதில் எதுவும் சுழல்வதில்லை. சிலிக்கான் மீது ஒளி விழுந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. வேறு வேறு தன்மையுள்ள இரண்டு சிலிக்கான் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளுகிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இப்படித்தான் மின்சாரம் தருகிறது. பொழுது சாய்ந்தால் அங்கே உற்பத்தி நின்றுவிடும். வீடுகளில் விளக்கு எரியவும் மின்விசிறி ஓடவும் தொடங்குவதோ அந்த நேரத்தில்தான்.

ஆகவே, மின்சாரத்தை உண்டாக்குவதைப் போலவே அதைத் தேக்கிவைப்பதும் இன்று பெரிய வேலையாகிவிட்டது. அதற்கான வழி ஆனைமலையில் 1980களிலேயே அமைக்கப்பட்டது. மலையைக் குடைந்து கட்டிய காடம்பாறை நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே உள்ள அணைக்கு ஏற்றுகிறது; தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் வரை தருகிறது. ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் கால் பங்கு அளவுக்கு இழப்பு உண்டு. ஆனால், நண்பகல் வெயிலையும் நள்ளிரவுக் காற்றையும் மாலை நேரத் தேவைக்குக் கொண்டுவர இது நன்கு கைகொடுக்கும் வழி. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திறனில் இதே வகைத் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் பெருகப் பெருக, இத்தகைய நிலையங்கள் இன்னும் பல தேவைப்படும்.